எடை கூடினால் இழுவை கூடுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

உழவுத் தொழிலில் எடையின் பயனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நடவுக்கு முன் வயலைச் சமன் செய்யப் பரம்படிக்கும்போது, பரம்புப் பலகையின் மேல் ஓர் ஆள் ஏறி நின்றுகொள்வார். கமலை இறைக்கும்போது, மாடுகள் சரிவில் இறங்கும் நேரம் பார்த்து இறைப்பவர் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். ஏற்றத்தில் நீர் இறைக்கையில் துலாவின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். இம்மூன்றிலும் மனிதனின் உடல் எடையே ஒரு கருவியாகப் பயன்பட்டது. அவர்கள் நியூட்டனைப் படித்ததில்லை. ஆனால் நியூட்டன் சொன்னதைச் செய்தார்கள்.

இன்று கமலையும் ஏற்றமும் மறைந்துவிட்டன. மாட்டு ஏர் இருந்த இடத்தில் டிராக்டர் வந்துவிட்டது. அதிலும் சிறு உழவர்கள் நிறைந்த நம் மாநிலத்தில் சிறிய டிராக்டர்களுக்குத் தனி இடம் உண்டு. 2015-16 ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த அளவு நிலத்தில் பெரிய வண்டி திரும்பவே இடம் போதாது. எனவே 15 முதல் 25 குதிரைத்திறன் கொண்ட சிறிய வண்டிகள் தோப்புகளிலும் சிறு வயல்களிலும் உழுகின்றன. சுவராஜ் 717, மகிந்திரா யுவராஜ் 215, வி.எஸ்.டி. சக்தி முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் எடை ஏறத்தாழ 650 முதல் 900 கிலோ வரை. எடை குறைவு என்பதே இவற்றின் நன்மை. அதுவே இவற்றின் குறையும் ஆகும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர்களில் நானே முதல்வன். சாக்கோட்டை ஒன்றியத்தில் எங்களுக்குள்ள கொஞ்ச நிலத்தோடு, அக்கம்பக்கத்து நிலங்களையும் வாடகைக்கு உழுது பிழைப்பதற்காக என் சித்தப்பா நகைக் கடன் வைத்துப் பழைய சிறிய டிராக்டர் ஒன்றை வாங்கினார். அது கெட்டியான செம்மண்ணில் கொத்துக் கலப்பையை இழுக்கும்போது பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது, டீசல் மட்டும் தீரும். "பௌதிகம் படிக்கிறேங்கிறியே, சக்கரம் சுத்துது, வண்டி போகமாட்டேங்குது, ஏன்னு உன் புத்தகத்துல இருக்காப்பா?" என்று என் தந்தையார் கேட்டார். புத்தகத்தில் இருக்கிறது. அதை உழவருக்குப் புரியும் கணக்காக மாற்றிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டியைத் தள்ளுவது எது?

எஞ்சின் வண்டியைத் தள்ளுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்கிறது. சக்கரம் மண்ணைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மண் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. மண் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவுதான் வண்டி இழுக்க முடியும். எஞ்சினில் எத்தனை குதிரைகள் இருந்தாலும், காலூன்ற மண் இடம் கொடுக்காவிட்டால் பயனில்லை. ஆகவே சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லையென்றால், குறை எஞ்சினில் இல்லை. டயரும் மண்ணும் சந்திக்கும் அந்தக் கையகல இடத்தில்தான் இருக்கிறது.

இரு அறிஞர்கள், இரு விதிகள்

நாம் பள்ளியில் படித்த உராய்வு விதியை 1699 இல் வெளியிட்டவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் அமான்டன். உராய்வு விசை எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தொடும் பரப்பைச் சார்ந்திராது என்பது அவ்விதி. தார்ச்சாலையில் இது ஏறத்தாழச் சரியே. அப்படியானால் எடையை இரு மடங்காக்கினால் இழுவையும் இரு மடங்காக வேண்டும். வயலில் அப்படி நடக்கிறதா? சில வயல்களில் ஓரளவு நடக்கிறது. சில வயல்களில் நடப்பதே இல்லை. ஏன்?

இதற்கு விடை தந்தவர் நமக்கு மிகவும் பழக்கமான ஒருவர். மின்னூட்டங்களுக்கிடையேயான விசைக்கு விதி கண்ட அதே கூலூம்தான் அவர். மின்னியல் பக்கம் வருவதற்கு முன் அவர் இராணுவப் பொறியாளராகக் கோட்டை கட்டும் வேலை பார்த்தவர். மண் சரிந்து மதிலைத் தள்ளுவதைப் பற்றி ஆராய்ந்து 1773 இல் அவர் அளித்த கட்டுரை 1776 இல் அச்சாயிற்று. மண்ணின் எதிர்ப்புக்கு இரண்டு பகுதிகள் உண்டு என்பது அவர் கண்ட உண்மை. ஒன்று, மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் பிணைப்பு. இது எடையைச் சாராது, பரப்பைச் சார்ந்தது. மற்றொன்று, துகள்கள் ஒன்றோடொன்று உரசும் உராய்வு. இது எடையைச் சார்ந்தது. டிராக்டருக்குப் பொருத்தினால் இந்த விதி பின்வருமாறு அமையும்:

இழுவை = (பிணைப்பு × தொடும் பரப்பு) + (சக்கரத்தின் மேலுள்ள எடை × உராய்வெண்)

மணற்பாங்கான மண்ணில் பிணைப்பு மிகக் குறைவு, உராய்வு அதிகம். நீர் நிறைந்த களிமண்ணில் பிணைப்பு அதிகம், உராய்வோ இல்லையென்றே சொல்லலாம். ஈரக் களிமண்ணைக் கையில் பிசைந்து பார்த்தவர்களுக்கும் உலர்ந்த மணலை அள்ளிப் பார்த்தவர்களுக்கும் இது தனியே விளக்க வேண்டியதில்லை.

இரண்டு வயல்கள், ஒரு கணக்கு

காரைக்குடிப் பகுதியில் இவ்விரு வகை நிலங்களும் அருகருகே உள்ளன. மேட்டில் செம்மண்ணும் சரளையும் கலந்த மானாவாரி நிலம். கண்மாய்க்குக் கீழே களி கலந்த நஞ்சை. ஒரே வண்டியை இரண்டிலும் ஓட்டுவதாக வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். எண்கள் எளிமைக்காக நான் எடுத்துக்கொண்டவை. அவை காட்டும் போக்கே முக்கியம்.

ஒரு பின்சக்கரத்தின் மேல் 250 கிலோ எடை இருப்பதாகவும், டயர் மண்ணைத் தொடும் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர் எனவும் கொள்வோம்.

முதலில் மேட்டு நிலம். பிணைப்பு சதுர சென்டிமீட்டருக்கு 0.05 கிலோ, உராய்வெண் 0.58. இழுவை = 25 + 145 = 170 கிலோ. இப்போது சக்கரத்தில் 50 கிலோ எடை சேர்த்தால் இழுவை 25 + 174 = 199 கிலோ. நூற்றுக்குப் பதினேழு பங்கு கூடிவிட்டது.

அடுத்து, நீர் கட்டிய களி வயல். பிணைப்பு 0.2 கிலோ; உராய்வெண் 0.05. இழுவை = 100 + 12.5 = 112.5 கிலோ. அதே 50 கிலோவைச் சேர்த்தால் 100 + 15 = 115 கிலோ. கூடியது வெறும் இரண்டரைக் கிலோ! அதே வேளை, எடை கூடியதால் சக்கரம் ஆழப் புதையும். புதைந்த சக்கரம் தன் முன்னே உள்ள சேற்றைத் தள்ளிக்கொண்டே உருள வேண்டும். அந்தத் தடையைக் கழித்துப் பார்த்தால் இலாபத்துக்குப் பதில் நட்டமே மிஞ்சும்.

அந்த வயலில் எடை கூட்டாமல் பரப்பை இரு மடங்காக்கினால் என்ன ஆகும்? இழுவை 200 + 12.5 = 212.5 கிலோ ஆகிறது. தொழி உழவுக்குப் போகும் டிராக்டர்களில் டயரோடு சேர்த்து இரும்புக் கேஜ் வீல் மாட்டுவதன் இரகசியம் இதுவே. கேஜ் வீல் பரப்பைக் கூட்டுகிறது. வண்டி அமிழ்வதையும் தடுக்கிறது. (அதை மாட்டிக்கொண்டே தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது, சாலையைக் கீறிப் பாழாக்கிவிடும்.)

எனவே "எடை கூடினால் இழுவை கூடுமா?" என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. மேட்டு மண்ணில் கூடும், சேற்றில் கூடாது. மண்ணைக் கேட்டுத்தான் விடை சொல்ல வேண்டும்.

வழுக்கலை அளப்பது எப்படி?

சக்கரம் வழுக்குவதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது கடினம். ஆனால் ஒரு சுண்ணாம்புக் கட்டியும் அளவு நாடாவும் இருந்தால் எளிதில் அளந்துவிடலாம். பின் டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். உழ வேண்டிய அதே நிலத்தில், கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும்வரை ஓட்டி, வண்டி சென்ற தொலைவை அளக்க வேண்டும். பிறகு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே பத்துச் சுற்று ஓட்டி மீண்டும் அளக்க வேண்டும். முதல் தொலைவுக்கும் இரண்டாம் தொலைவுக்கும் உள்ள வேறுபாட்டை முதல் தொலைவால் வகுத்து நூறால் பெருக்கினால் வழுக்கல் விழுக்காடு கிடைக்கும்.

எங்கள் மேட்டு நிலத்தில் ஐந்து கொத்துக் கலப்பையோடு நானும் சித்தப்பாவும் இதைச் செய்து பார்த்தோம். கலப்பை தூக்கிய நிலையில் பத்துச் சுற்றுக்கு 28 மீட்டர். உழும்போது 22.4 மீட்டர். வழுக்கல் நூற்றுக்கு 20. அதாவது ஐந்து சுற்றில் ஒரு சுற்று வீண்.

அப்படியானால் வழுக்கலே இல்லாமல் செய்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது. மண் சற்று நெகிழ்ந்து கொடுத்தால்தான் அதன் எதிர்ப்பு விசை பிறக்கும். வழுக்கல் சுழி என்றால் இழுவையும் சுழிதான். மேலும், கலப்பை திடீரென்று கல்லில் மாட்டும்போது சக்கரம் சற்று வழுக்கினால்தான் பற்சக்கரங்களும் அச்சும் தப்பும். பிரஷர் குக்கரில் உள்ள பாதுகாப்பு வால்வு போன்றது அது. கெட்டி நிலத்தில் 8 முதல் 10, உழுத நிலத்தில் 11 முதல் 13, பொலபொலப்பான நிலத்தில் 14 முதல் 16 விழுக்காடு வழுக்கல் இருப்பதே சிறந்தது என்று வேளாண் பொறியியலார் வரையறுத்துள்ளனர். அதற்கு மேல் போனால் டீசலும் டயரும் வீண். அதற்குக் கீழே போனால் வண்டியில் தேவைக்கு மேல் எடை ஏறியிருக்கிறது என்று பொருள்.

எடையைச் சேர்க்கும் வழிகள்

பின்சக்கரங்களில் எடை சேர்க்க இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்று, சக்கரத் தட்டில் போல்ட் வைத்து முடுக்கும் வார்ப்பிரும்பு எடைகள். தேவையானபோது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். மற்றொன்று, டயருக்குள் நீர் நிரப்புவது. டிராக்டரில் காற்றடைத்த ரப்பர் டயர் 1932 இல் அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் எல்லாம் இரும்புச் சக்கரங்களே. காற்று டயர் வந்த பிறகே, அதற்குள் நீரை நிரப்பி எடை கூட்டும் வழியும் வந்தது. குளிர் நாடுகளில் நீர் உறைந்துவிடாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பர். நமக்கு அந்தக் கவலை இல்லை; கிணற்று நீரே போதும்.

எவ்வளவு நீர் பிடிக்கும்? இதைக் கணக்கிடுவது நம் மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. டயர் என்பது வளையமாக வளைத்த ஓர் உருளை. எங்கள் வண்டியின் பின் டயர் 8.3-20 அளவுடையது. உட்குழாயின் விட்டத்தை 18 சென்டிமீட்டர் என்று கொண்டால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 254 சதுர சென்டிமீட்டர். வளையத்தின் நடுக்கோட்டு விட்டம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். எனவே சுற்றளவு 223 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் கொள்ளளவு ஏறத்தாழ 57 லிட்டர். இதில் முக்கால் பங்கு மட்டுமே நீர் நிரப்ப வேண்டும். அதாவது ஒரு டயருக்கு ஏறத்தாழ 42 லிட்டர். இரண்டு டயருக்கும் 84 கிலோ எடை கூடிவிட்டது. செலவு பஞ்சர் கடைக் கூலி மட்டுமே.

முக்கால் பங்கு ஏன்? நீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். முழுவதும் நீரானால் டயர் கல்போல் ஆகிவிடும். குழியில் விழும் அதிர்ச்சி அப்படியே அச்சுக்கும் ஓட்டுபவர் முதுகுக்கும் போகும். மேலே கால் பங்கு காற்று இருந்தால்தான் அது மெத்தையாக உதவும். இந்த அளவைக் கண்டுகொள்வதும் எளிது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சியில் வருமாறு சக்கரத்தைத் திருப்பி வைத்து, வால்வு மட்டம் வரை நிரப்பினால் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆகும். பின் வழக்கமான அழுத்தத்துக்குக் காற்றடிக்க வேண்டும்.

நீர் நிரப்பியபின் அதே நிலத்தில் மீண்டும் அளந்தோம். உழும்போது பத்துச் சுற்றுக்கு 23.8 மீட்டர். வழுக்கல் 20 இலிருந்து 15 ஆகக் குறைந்தது. முன்பு 100 மீட்டர் உழுவதற்குச் சக்கரம் 125 மீட்டருக்குச் சுழல வேண்டியிருந்தது. இப்போது 118 மீட்டர் போதும். நூற்றுக்கு ஆறு பங்கு சுழற்சி மிச்சம். பெரிய இலாபமில்லைதான். ஆனால் மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டிக் கடனுக்கு வட்டி கட்டும் ஒருவருக்கு, நூற்றுக்கு ஆறு என்பது சிறிய எண் அன்று. நஞ்சையில் தொழி உழவு தொடங்குமுன் அந்த நீரை இறக்கிவிட்டுக் கேஜ் வீல் மாட்டிக்கொண்டோம்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. ரோட்டவேட்டரின் கத்திகள் சக்கரம் சுழலும் திசையிலேயே சுழல்வதால் அவை மண்ணை வெட்டும்போது வண்டியை முன்னோக்கித் தள்ளுகின்றன. அங்கே இழுவையே பெரிதாகத் தேவையில்லை. ரோட்டவேட்டர் மட்டுமே ஓட்டுபவர் இழுவைக்காகப் பின்சக்கரத்தில் எடை ஏற்றுவது வீண் சுமையாகும். மத்தியப் பிரதேசத்தில் பூத்னி என்னுமிடத்தில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையத்தில் டிராக்டர்களின் இழுவைத் திறனைக் கூடுதல் எடையோடும் இல்லாமலும் தனித்தனியே சோதித்து அறிக்கை தருகிறார்கள். எடை என்பது வண்டியோடு பிறந்ததன்று, வேலைக்கேற்ப மாற்ற வேண்டியது என்பதை இதிலிருந்தும் உணரலாம்.

சுமையே எடையாகும் விந்தை

வண்டி ஒரு சுமையை இழுக்கும்போது, அந்த இழுவையே முன்சக்கரத்தின் எடையில் ஒரு பகுதியைப் பின்சக்கரத்துக்கு மாற்றிவிடுகிறது. இது திருப்புத்திறன் கணக்கு. 800 கிலோ வண்டியில் முன்னே 320 கிலோ, பின்னே 480 கிலோ இருப்பதாகக் கொள்வோம். இரு அச்சுகளுக்கும் இடையே 150 சென்டிமீட்டர். தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள கொக்கியில் 300 கிலோ விசையோடு இழுத்தால், மாறும் எடை 300 × 40 ÷ 150 = 80 கிலோ. இப்போது முன்னே 240, பின்னே 560. ஒரு பைசா செலவில்லாமல் பின்சக்கரத்துக்கு 80 கிலோ கிடைத்துவிட்டது!

இந்த உண்மையை மிகத் திறமையாகப் பயன்படுத்தியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் (1884-1960). அவர் காலத்து டிராக்டர்கள், மாட்டு ஏரைப் போலவே கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுத்தன. கலப்பை பாறையில் மாட்டினால் வண்டி முன்புறம் எழும்பி ஓட்டுபவர் மேலேயே கவிழும். பெர்குசன் கலப்பையை மூன்று கைகளால் வண்டியோடு இணைத்தார். கீழிரண்டு கைகள் இழுக்க, மேலுள்ள கை வண்டியை முன்னோக்கி அழுத்தி, முன்புறம் எழும்பாமல் காக்கும். மண் கெட்டியானால் நீரழுத்த அமைப்பு கலப்பையைச் சற்றே தூக்கி, அதன் எடையைப் பின்சக்கரத்தின் மேல் ஏற்றும். 1926 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1939 இல் ஃபோர்டு நிறுவனம் இவ்வமைப்போடு டிராக்டரை வெளியிட்டது. வண்டியைக் கனமாக்காமலே கனமான வேலை வாங்கலாம் என்பதே அவர் கொள்கை. இன்று நம் ஊர் ஓட்டுநர்கள் 'டாப் லிங்க்' என்று சொல்லி மாட்டும் அந்தக் கை, அவர் தந்ததே. 1960 இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் வண்டிகளில் பொறிக்கப்பட்டுள்ள 'மாஸ்ஸி பெர்குசன்' என்ற பெயரின் பிற்பாதியும் இவருடையதே.

முன்சக்கரம் எழும்பினால்...

மேலே கண்ட கணக்கின் மறுபக்கம் அச்சமூட்டுவது. அதே வண்டியில் சங்கிலியைத் தாழ்ந்த கொக்கியில் கட்டாமல், 80 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டி ஒரு கருவைத் தூரைப் பிடுங்குவதாகக் கொள்வோம். தூர் அசையாமல் நிற்க, இழுவிசை 600 கிலோவை எட்டுகிறது. மாறும் எடை 600 × 80 ÷ 150 = 320 கிலோ. முன்சக்கரத்தில் இருந்ததே 320 கிலோதான்! இனி முன்சக்கரத்தின் மேல் எடையே இல்லை. அது எழும்பத் தொடங்கும். எழும்பிய வண்டி ஒன்றிரண்டு வினாடிகளில் பின்னே கவிழ்ந்துவிடும். கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நம் மாவட்டத்தில் சீமைக்கருவை இல்லாத நிலம் ஏது? அதைத் தூரோடு பிடுங்கக் கயிற்றை அச்சுக்கு மேலே கட்டும் பழக்கமும் பல ஊர்களில் உண்டு. சேற்றில் புதைந்த சக்கரத்தில் கட்டையைக் கட்டி வெளியேற்றுவதும் இது போன்றதே. சக்கரம் சுழல வழியில்லாதபோது, அச்சைச் சுற்றி வண்டியே சுழலும்.

பின்னே மட்டும் எடை கூட்டினால் முன்புறம் ஒப்பீட்டில் இன்னும் இலேசாகிவிடும். வண்டியின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் முன்சக்கரத்தின் மேல் இருந்தால்தான் ஸ்டியரிங் பிடிக்கும். அதனால்தான் முன்புற பம்பரில் இரும்பு எடைகளை மாட்ட இடம் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஊர்களில் நடப்பது என்ன? இரும்பு எடை இருக்க வேண்டிய இடத்தில் ஆளை நிறுத்துகிறார்கள். விறகு ஏற்றிய டிரெய்லர் கண்மாய்க் கரையில் ஏறும்போது முன்புறம் எழும்பாமலிருக்க, பம்பரின் மேல் இரண்டு பையன்களை ஏற்றிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் சித்தப்பா மகனும் அப்படி நின்றவன்தான். அவனுக்கு அது விளையாட்டு. காற்று முகத்தில் அடிக்கும், கை விட்டுப் பிடிப்பான். அவன் எடை 35 கிலோ. முன் அச்சுக்கு மேலே நிற்கும் 35 கிலோவுக்கு ஈடாக அவ்வளவே எடையுள்ள இரும்பு போதும் என்று தாளில் போட்டுக் காட்டினேன். சித்தப்பா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே காரைக்குடிக்கு வந்து, பழைய இரும்புக் கடையில் இருபது கிலோ எடைகள் இரண்டை வாங்கிப் பட்டறையில் துளையிட்டு பம்பரில் போல்ட் வைத்து முடுக்கினார். இரும்பு கை நழுவி விழாது, சக்கரத்தில் அகப்படாது, அதற்குத் தாய் இல்லை.

பரம்பின் மேலும் வடத்தின் மேலும் மனிதன் ஏறி நின்ற காலத்தில் இழுத்தது மாடு. ஆள் விழுந்தால், 'ஹோ' என்ற ஒரு குரலுக்கு மாடு நிற்கும். டிராக்டருக்குக் காது இல்லை. பழைய வழக்கத்தைப் புதிய இயந்திரத்தின் மேல் அப்படியே ஏற்றுவது தகாது.

எடையின் விலை

எடைக்கு மண்ணும் ஒரு விலை கொடுக்கிறது. கனமான சக்கரங்கள் மண்ணை மேலும் மேலும் இறுக்குகின்றன. அடிமண் இறுகிக் கட்டாந்தரை போலானால் வேர் இறங்காது, மழைநீரும் இறங்காது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நம் செம்மண் மானாவாரி நிலங்களுக்கு இது பெருங்கேடு. இறுகிய அடிமண்ணை உடைக்க மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, அரை மீட்டர் இடைவெளியில் உளிக்கலப்பை கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஆழ உழுமாறு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இழுவைக்காக ஏற்றிய எடையே பிறகு இன்னொரு உழவுச் செலவைக் கொண்டுவரலாம். எனவே தேவைக்கு மட்டும் எடை; வேலை முடிந்ததும் இறக்கம். ஈரம் மிகுந்த நிலத்தில் கனமான வண்டியை இறக்காமலிருப்பதும் நன்று. டயரும் அச்சும் தாங்கும் எடைக்கு ஓர் எல்லை உண்டு. அது வண்டியோடு வரும் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும், அதைத் தாண்டலாகாது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். முதலில் வழுக்கலை அளக்க வேண்டும். அளக்காமல் எடை ஏற்றக்கூடாது. மணற்பாங்கான மேட்டு நிலத்தில் எடை உதவும். சேற்றில் பரப்பே உதவும். பின்னே ஏற்றினால் முன்னேயும் பார்க்க வேண்டும். இழுக்கும் கொக்கி எப்போதும் தாழ்ந்தே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடை இரும்பாகவோ நீராகவோ இருக்கலாம். ஒருபோதும் மனிதனாக இருக்கக்கூடாது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. கணக்குப் பார்க்கவே கூடாது என்று அதற்குப் பொருள் கொள்வாரும் உண்டு. கணக்குப் பார்த்தால்தான் அந்த உழக்காவது மிஞ்சும் என்பது என் கருத்து. நம் கல்லூரியில் பயிலும் பலரும் உழவர் வீட்டுப் பிள்ளைகள். உராய்வும் திருப்புத்திறனும் தேர்வுத் தாளில் ஐந்து மதிப்பெண் வினாக்களாக மட்டும் நின்றுவிட வேண்டியதில்லை. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் ஒரு சுண்ணாம்புக் கட்டியையும் அளவு நாடாவையும் எடுத்துச் சென்று தத்தம் ஊர் வண்டிகளின் வழுக்கலை அளந்து வாருங்கள். எந்த மண்ணில் எவ்வளவு என்று நாம் அனைவரும் சேர்ந்து ஓர் அட்டவணை தயாரித்தால், அது நம் ஊர் உழவர்களுக்கு நம்மாலான கைம்மாறாக அமையும்.